லாரி இன்ஜின்: பழுது பார்ப்பதா, மாற்றுவதா?

சிங்கப்பூரின் சிராங்கூன் சாலைக் கடைகளுக்குக் காய்கறி இறக்கும் ஒருவர் சென்ற ஆண்டு தம் பதினான்கடி லாரியை இழுவை வண்டியில் என் பட்டறைக்குக் கொண்டுவந்தார். இன்ஜின் ஆறியிருந்ததால் ரேடியேட்டர் மூடியைத் திறந்தேன். உள்ளே பழுப்பு நிறத்தில், காப்பியின் மேல் படியும் ஆடையைப் போல ஆயில் மிதந்தது. "அண்ணே, ஹெட் போய்விட்டது, இன்ஜினையே மாற்ற வேண்டும் என்று வேறோர் இடத்தில் சொல்லிவிட்டார்கள்" என்றார். ஹெட் என்பது சிலிண்டர்களை மேலிருந்து மூடும், வால்வுகள் உள்ள பாகம். அவர் முகத்தைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது. ஆயில் அளவுக் கம்பியை உருவித் துணியில் துடைத்தேன். ஆயில் கறுப்பாக இருந்தது, ஆனால் தண்ணீர் கலந்தால் வரும் வெண்மையின் சாயலே இல்லை. ஓடும் இன்ஜினில் ஆயிலின் அழுத்தம் கூலண்டின், அதாவது இன்ஜினைக் குளிர்விக்கும் தண்ணீரின், அழுத்தத்தைவிட அதிகம். ஆயிலைத் தண்ணீரால் ஆற்றும் ஆயில் கூலரின் உள்ளே விரிசல் விட்டால் ஆயில்தான் தண்ணீர்ப் பக்கம் போகும், தண்ணீர் ஆயில் பக்கம் வருவது குறைவு. கூலரைக் கழற்றி, ஒரு வாயை அடைத்துத் தொட்டித் தண்ணீரில் அமிழ்த்திக் காற்று கொடுத்தேன். நடுவிலிருந்து குமிழிகள் வரிசையாகக் கிளம்பின. புதுக் கூலர், ஆயில் ஊறி உப்பிப்போன ரப்பர்க் குழாய்கள், மூன்று முறை உள்கழுவல். அந்த லாரி இன்றும் ஓடுகிறது.

"இன்ஜின் போய்விட்டது" என்ற இரண்டு சொல்லை நம்பி ஒரு சிறு வியாபாரி பல ஆயிரம் வெள்ளியைக் கொடுத்துவிடுகிறார், அல்லது பயந்துபோய் நல்ல வண்டியை அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிடுகிறார். ஒவ்வோர் அறிகுறிக்கும் ஒரு சோதனை உண்டு. அந்தச் சோதனை முடியும்வரை விலை பேசக் கூடாது என்பது என் கட்சி. நான் பட்டறையில் பார்க்கும் முறையையே அறிகுறி வாரியாக இங்கே எழுதுகிறேன். உங்கள் வண்டியின் அறிகுறிக்கு நேராகப் போய்விடலாம், ஆனால் முதல் பகுதியை மட்டும் தாண்டிப் போகாதீர்கள்.

முதலில் தேதியைப் பாருங்கள்

மற்ற ஊர்களில் லாரியின் ஆயுளை இரும்பு முடிவு செய்கிறது. சிங்கப்பூரில் இரும்போடு காகிதமும் சேர்ந்துகொள்கிறது. சரக்கு வண்டி 'சி' பிரிவு வாகன உரிமைச் சான்றிதழில் ஓடுகிறது, அதன் காலம் 10 ஆண்டு. காலம் முடிந்ததும் பதிவை நீக்க வேண்டும், அல்லது கடைசி மூன்று மாத ஏல விலையின் சராசரியைக் கட்டி 5 அல்லது 10 ஆண்டுக்குப் புதுப்பிக்க வேண்டும். சரக்கு வண்டியின் சட்டப்படியான ஆயுள் 20 ஆண்டு, அதற்கு மேல் நீட்ட முடியாது. 10 வயதைத் தாண்டிய வண்டி ஆறு மாதத்துக்கு ஒரு முறை பரிசோதனைக்கும் போயாக வேண்டும். 2024ஆம் ஆண்டில் 'சி' பிரிவுச் சான்றிதழின் விலை பல மாதங்கள் 60,000 வெள்ளிக்கு மேலேயே நின்றது. பழைய வண்டியைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக எடுங்கள் என்று வாய் கூசாமல் சொல்ல முடியாததற்கு அதுதான் காரணம்.

ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். இன்ஜினைப் பிரித்துச் சேர்க்க 9,000 வெள்ளி கேட்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். சான்றிதழில் 14 மாதம் மிச்சம் என்றால் அந்தச் செலவு மாதத்துக்கு ஏறத்தாழ 643 வெள்ளியாக விழுகிறது. 60 மாதம் மிச்சம் என்றால் 150 வெள்ளிதான். பழுது ஒன்றே, இன்ஜின் ஒன்றே, ஆனால் விடை நேர் எதிராகிவிடுகிறது. இதோடு வண்டி பட்டறையில் நிற்கும் நாள்களுக்கு வாடகை லாரி எடுக்கும் செலவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். காய்கறி, பூ, சமைத்த உணவு ஏற்றுகிறவர்களுக்கு அந்தச் செலவு பழுதுச் செலவுக்குச் சமமாக வந்து நிற்பதை நான் பார்த்திருக்கிறேன்.

கிலோமீட்டர் எண்ணை மட்டும் நம்பாதீர்கள். நம் தீவு கிழக்கிலிருந்து மேற்கே 50 கிலோமீட்டர்தான். மீட்டரில் 2 லட்சம் என்று இருக்கும், ஆனால் இன்ஜின் சரக்கு இறக்கும் இடங்களிலும் விரைவுச்சாலை நெரிசலிலும் குளிர்சாதனத்தோடு ஆயிரக்கணக்கான மணி நேரம் நின்றபடியே ஓடியிருக்கும். வண்டியை நிறுத்திவிட்டு இன்ஜினை ஓடவிடுவது இங்கே குற்றம் என்பது ஒரு பக்கம் இருக்க, அது இன்ஜினையும் தின்கிறது. ஒரு மணி நேரம் நின்று ஓடினால் 40 கிலோமீட்டர் தேய்மானம் என்று நான் கணக்கில் சேர்த்துக்கொள்கிறேன்.

புகை வந்தால்: நிறத்தோடு நேரத்தையும் கவனியுங்கள்

எல்லாரும் புகையின் நிறத்தைச் சொல்கிறார்கள். எப்போது வருகிறது என்பதைச் சொல்வதில்லை. எனக்கு வேண்டியது அதுதான்.

நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. காலையில் முதல் முறை கிளப்பும்போது மட்டும் ஒரு கொத்தாக வந்து மறைந்துவிட்டால் வால்வுத் தண்டின் சீல் கெட்டிருக்கும். இரவெல்லாம் ஆயில் சொட்டுச் சொட்டாக இறங்கிச் சேர்ந்து காலையில் எரிகிறது. இது ஹெட் வேலை, முழு இன்ஜினைத் தொட வேண்டாம். பளுவேற்றிப் புக்கிட் தீமா விரைவுச்சாலை ஏற்றத்தில் மிதிக்கும்போது நீலம் கூடிக்கொண்டே போனால் பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங், அது உரசி ஓடும் சிலிண்டர் உறையான லைனர் ஆகியவற்றின் மீது சந்தேகம் வரும். அப்போதும் அவசரப்படாதீர்கள். இன்ஜினுக்குக் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவிலிருந்து, அந்தக் காற்றை ஆற்றும் இன்டர்கூலருக்குப் போகும் குழாயைக் கழற்றி விரலை விட்டுப் பாருங்கள். மெல்லிய ஈரம் இருப்பது இயல்பு. கை நனையும் அளவுக்கு ஆயில் தேங்கியிருந்தால் டர்போவின் சீல்தான் ஆயிலை உள்ளே தள்ளிக்கொண்டிருக்கலாம். டர்போ மாற்றுவதும் இன்ஜின் மாற்றுவதும் ஒன்றல்ல.

கரும்புகையைக் கண்டு இன்ஜினைப் பிரிக்க வேண்டாம். டீசல் அதிகம் அல்லது காற்றுக் குறைவு, இவ்வளவுதான் அதன் பொருள். காற்று வடிகட்டி, டர்போக் குழாயின் விரிசல், புகையில் ஒரு பகுதியை மறுபடி இன்ஜினுக்குள் அனுப்பும் இஜிஆர் வால்வு திறந்தபடியே சிக்கிக்கொண்டிருப்பது, டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் ஒழுகுவது என்ற வரிசையில் போங்கள். கரும்புகையோடு பரிசோதனைக்குப் போய்த் தோற்று, அதற்காகவே இன்ஜினை மாற்றியவர்களை எனக்குத் தெரியும். பரிசோதனை நிலையத்தில் வண்டியை உருளைமேல் ஏற்றிப் பளு கொடுத்துப் புகையை அளக்கிறார்கள், எல்லை 40 ஹார்ட்ரிட்ஜ் புகை அலகு (புகையின் அடர்த்தியைக் காட்டும் அலகு). அடைத்துப்போன காற்று வடிகட்டியோடு போனால் நல்ல இன்ஜினும் அந்த எல்லையில் தடுமாறும்.

வெண்புகையில் மோப்பம் பிடியுங்கள். கண்ணைக் கரிக்கும் டீசல் வாடை என்றால் எரியாத எரிபொருள். இனிப்பான வாடை என்றால் கூலண்ட். குளிர்நாட்டில் காலை நேரத்து வெள்ளை ஆவி சாதாரணம். நம் ஊரில் விடியற்காலையிலேயே 25 பாகை வெப்பம் இருக்கிறது. இங்கே சில நிமிடம் தாண்டியும் வெள்ளை நிற்கிறது என்றால் காலைப் பனியைக் காரணம் காட்ட முடியாது.

ஆயில் குறைகிறது, மூடி ஆடுகிறது

அடிப்பகுதி, அதாவது ஹெட்டுக்குக் கீழே பிஸ்டன் ஓடும் பகுதி, தேய்ந்துவிட்டதா என்று அறிய நான் முதலில் செய்யும் சோதனைக்குக் காசே தேவையில்லை. இன்ஜின் சூடேறிய பின், மெதுவாக ஓடும்போது, ஆயில் ஊற்றும் மூடியைத் திருகிக் கழற்றி, வாய்மேல் தலைகீழாக வெறுமனே வையுங்கள். நல்ல இன்ஜினில் அது லேசாக நடுங்கும். துள்ளிக் கீழே விழுந்தாலோ, புகை குபுகுபுவென்று வெளியே தள்ளினாலோ எரிந்த வாயு பிஸ்டனைத் தாண்டிக் கீழே இறங்குகிறது. இன்ஜினுக்குள் சேரும் வாயுவை வெளியேற்றும் பிரீதர் குழாய் அடைத்திருந்தாலும் இப்படித் தள்ளும். ஆகவே அதைக் கழற்றிச் சுத்தம் செய்துவிட்டு மறுபடி மூடியை வையுங்கள். பாதிப் பேருக்கு இந்த இடத்திலேயே நல்ல செய்தி கிடைக்கிறது.

மூடி இன்னமும் ஆடினால் கம்ப்ரஷன் சோதனை, அதாவது ஒவ்வொரு சிலிண்டரிலும் காற்று எவ்வளவு அழுத்தம் பெறுகிறது என்று அளப்பது. டீசலில் சிலிண்டருக்குச் சிலிண்டர் எவ்வளவு வித்தியாசம் என்பதுதான் முக்கியம். எல்லாம் ஒரே அளவில் சற்றுத் தாழ்ந்திருந்தால் முதுமை. மூன்று நன்றாக இருந்து ஒன்று மட்டும் பத்து விழுக்காட்டுக்கு மேல் விழுந்திருந்தால் குறிப்பிட்ட ஒரு கோளாறு. அந்தச் சிலிண்டரில் பிஸ்டனை மேலே நிறுத்திக் காற்றை ஏற்றிக் காது கொடுத்துக் கேளுங்கள். சைலன்சர் வழியாகச் சீறினால் வெளியேற்று வால்வு. காற்று வடிகட்டிப் பக்கம் சீறினால் உள்ளிழு வால்வு. ரேடியேட்டரில் குமிழி வந்தால் ஹெட்டுக்கு அடியில் இருக்கும் கேஸ்கெட் அல்லது ஹெட் விரிசல். ஆயில் வாயில் சீறினால் ரிங், லைனர். முதல் மூன்றும் ஹெட்டைக் கழற்றினால் தெரிந்துவிடும். கடைசி ஒன்று மட்டுமே உங்களைப் பெரிய செலவுக்கு அழைத்துப் போகிறது.

ஆயில் எவ்வளவு குடிக்கிறது என்று அளந்து எழுதி வையுங்கள். "அடிக்கடி ஊற்றுகிறேன்" என்பதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. சமதளத்தில், காலையில், இன்ஜின் ஆறியிருக்கும்போது அளந்து, ஊற்றியதைக் குறியுங்கள். 1,000 கிலோமீட்டருக்கு ஒரு லிட்டரைத் தாண்டினால் நான் பிரித்துப் பார்க்கச் சொல்வேன். அதில் பாதி என்றால், சான்றிதழ் முடியும் தேதியைப் பார்த்து, ஊற்றி ஓட்டுங்கள் என்றுகூடச் சொல்வேன்.

இங்கே நான் செய்த ஒரு தவறைச் சொல்லியாக வேண்டும். கையில் பணம் குறைவாக இருந்த ஓர் உரிமையாளர் ரிங் மட்டும் மாற்றித் தரச் சொன்னார். லைனரின் மேல்விளிம்பில் நகத்தால் தடவினாலே இடறும் அளவுக்குப் படி விழுந்திருந்தது. தெரிந்தும் இரக்கப்பட்டுச் செய்தேன். நான்கு மாதத்தில் புகை திரும்ப வந்தது. மறுபடி பிரித்தபோது கூலி வாங்கவில்லை, ஆனால் அவருக்குப் போன வேலை நாள்களை நான் எப்படித் திருப்பித் தர முடியும்? முட்டை வடிவத்துக்குத் தேய்ந்த லைனரில் புது ரிங் உட்காராது. அளவு எடுங்கள். கைப்புத்தகம் சொல்லும் எல்லையைத் தாண்டியிருந்தால் லைனர், பிஸ்டன், ரிங் மூன்றையும் சேர்த்து மாற்றுங்கள், அல்லது அந்த இன்ஜினைத் தொடாதீர்கள்.

சூடேறுகிறது

காலாங்-பாய லேபார் விரைவுச்சாலைச் சுரங்கத்தில் ஊசி சிவப்புக்கு ஏறினால் அடுத்த வாயில்வரை ஓட்டிவிடலாம் என்று எண்ணாதீர்கள். அந்த இரண்டு மூன்று நிமிடத்தில்தான் 300 வெள்ளி வேலை பல ஆயிரம் வெள்ளி வேலையாகிறது. ஓரமாக நிறுத்தி இன்ஜினை அணைத்து, அபாய விளக்கைப் போடுங்கள். விரைவுச்சாலையில் நின்றுபோன வண்டியை அருகிலுள்ள கார் நிறுத்துமிடம்வரை நிலப் போக்குவரத்து ஆணையத்தின் மீட்பு வண்டி இலவசமாகவே இழுத்துப் போகிறது. சூடான ரேடியேட்டர் மூடியைத் திறக்க வேண்டாம், முகம் வெந்துவிடும்.

ஆறிய பின் எளியதிலிருந்து தொடங்குங்கள்: மூடியின் ரப்பர், தெர்மோஸ்டாட், விசிறியின் கிளட்ச், ரேடியேட்டர்த் தகடுகளுக்கிடையே அப்பிய தூசி, தண்ணீர்ப் பம்ப். நின்று ஓடும்போது சூடேறி, வேகமாகப் போனால் இறங்கினால் காற்றோட்டத்தில் கோளாறு, விசிறியைப் பாருங்கள். நேர்மாறாக, வேகத்திலும் ஏற்றத்திலும் ஏறினால் ரேடியேட்டர் உள்ளே அடைத்திருக்கும். ஆறிய இன்ஜினைக் கிளப்பிய உடனேயே மேல்குழாய் கல்லாக இறுகினால் எரிந்த வாயு தண்ணீருக்குள் போகிறது, அது ஹெட் கேஸ்கெட். ஹெட்டைக் கழற்றினால் நேர்க்கோலும் இடைவெளித் தகடும் வைத்து வளைவை அளந்தே ஆக வேண்டும். அளக்காமல் கேஸ்கெட் மட்டும் மாற்றித் தரும் இடத்தில் வண்டியை விடாதீர்கள்.

ஒரு முறை சூடேறி உடனே நிறுத்திய இன்ஜினுக்கு ஹெட் வேலை போதும். பல முறை கொதிக்கவிட்டு ஓட்டிய இன்ஜினில் பிஸ்டனும் லைனரும் உரசிக் கோடு விழுந்திருக்கும். ஹெட்டைக் கழற்றியதும் சிலிண்டர்ச் சுவரில் டார்ச் அடித்துப் பாருங்கள். கோடு கண்ணுக்குத் தெரிந்தால் ஹெட்டுக்குச் செலவு செய்வதை அங்கேயே நிறுத்திவிட்டுக் கணக்குக்குத் திரும்புங்கள்.

தட்டுகிறது, ஆயில் விளக்கு எரிகிறது

இதில் மட்டும் நான் கண்டிப்பாக இருக்கிறேன். ஆயில் விளக்கு எரிந்தால் அந்த நொடியே அணையுங்கள். பிறகு சென்சாரைக் கழற்றி அந்த இடத்தில் அழுத்தமானியைப் பொருத்தி, சூடான இன்ஜினில் மெதுவான ஓட்டத்திலும் 2,000 சுற்றிலும் அளக்கச் சொல்லுங்கள். அளவு சரியாக இருந்தால் சென்சார்தான் பொய் சொன்னது, மாற்றிவிட்டுப் போகலாம்.

சத்தத்தைப் பிரித்தறியக் காது பழக வேண்டும். மேலே டிக்டிக் என்று மெல்லிதாக இருந்தால் வால்வு இடைவெளி. கூர்மையாக, ஒரு சிலிண்டரில் மட்டும் அடித்தால் பெரும்பாலும் இன்ஜெக்டர்: அதன் மின்இணைப்பைக் கழற்றியதும் சத்தம் போய்விடும். எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே பொதுக் குழாயிலிருந்து டீசல் போகும் காமன் ரயில் இன்ஜினில் உயரழுத்தக் குழாயின் நட்டை ஓடும்போது தளர்த்தும் பழைய பழக்கம் வேண்டவே வேண்டாம். 1,600 பார் அழுத்தத்தில் பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். கீழே, அடிவயிற்றிலிருந்து வருவது போல, பளு ஏறும்போது தம்தம் என்று அடித்தால், பிஸ்டனை இன்ஜினின் சுழல்தண்டான கிராங்க் ஷாஃப்ட்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடு பேரிங்.

சந்தேகம் இருந்தால் ஆயில் வடிகட்டியை வெட்டிப் பிரியுங்கள். மடிப்புக் காகிதத்தை வெள்ளைத் துணிமேல் விரித்துப் பிழிந்து வெயிலில் பிடியுங்கள். வெள்ளி நிறப் பொடி காந்தத்தில் ஒட்டினால் இரும்பு, ரிங் அல்லது லைனரிலிருந்து வந்திருக்கிறது. ஒட்டாத வெண்பொடி அலுமினியம், பிஸ்டன். செம்பு நிறத்தில் மினுமினுப்பது பேரிங்கின் உள்அடுக்கு, அது மேற்பூச்சு முழுவதும் தேய்ந்த பிறகுதான் தெரியும். செம்பு தெரிந்த இன்ஜினில் கிராங்க் ஷாஃப்ட்டையும் அளக்காமல் பேரிங் மட்டும் மாற்றினால் அது சில வாரத்துக்கே தாங்கும்.

ஆயில் அளவு தானாகக் கூடுகிறது

டீசல் கலக்கிறது. கம்பியை முகர்ந்தாலே தெரியும். புகையிலுள்ள கரித்துகளைப் பிடிக்கும் துகள் வடிகட்டி உள்ள புதிய வகை வண்டிகளில் இது அதிகம்: அந்த வடிகட்டியை எரித்துச் சுத்தம் செய்ய இன்ஜின் கூடுதலாக டீசல் பீய்ச்சும், ஐந்து கிலோமீட்டரில் வண்டியை அணைத்துவிட்டால் எரிப்பு பாதியில் நின்று டீசல் சிலிண்டர்ச் சுவர் வழியாக, அடியிலுள்ள ஆயில் தொட்டியான சம்ப்புக்கு வழிந்துவிடும். வாரத்துக்கு ஒரு நாளாவது விரைவுச்சாலையில் நிற்காமல் அரை மணி ஓட்டுங்கள். நீர்த்த ஆயிலை மட்டும் உடனே மாற்றுங்கள், அது பேரிங்கைக் காக்காது.

கிளம்ப மறுக்கிறது, இழுவை இல்லை

பேட்டரி, டீசல் வடிகட்டி, எங்காவது காற்று உறிஞ்சும் குழாய், இன்ஜெக்டர்களின் திரும்பு ஒழுக்கு (பீய்ச்சப்படாமல் திரும்பி வரும் டீசல்) என்று வரிசையாகப் பாருங்கள். திரும்பு ஒழுக்குக்கு, நான்கு இன்ஜெக்டருக்கும் நான்கு சிறு புட்டிகளை மாட்டி எது அதிகம் நிரம்புகிறது என்று பார்த்தால் போதும். இவை எல்லாம் சரியாக இருந்தும் நம் ஊர் வெப்பத்தில் காலையில் நெடுநேரம் சுற்றினால்தான் கிளம்புகிறது என்றால் கம்ப்ரஷனைச் சந்தேகியுங்கள். இங்கே குளிரைக் குறை சொல்ல வழியில்லை.

அடிப்பகுதிதான் என்று உறுதியானால்

மூன்று வழி இருக்கிறது. உங்கள் இன்ஜினையே பிரித்துச் சேர்ப்பது முதலாவது. 36 மாதத்துக்கு மேல் சான்றிதழ் இருந்து, கிராங்க் ஷாஃப்ட்டும் பிளாக்கும் அளவில் நின்றால் நான் இதைத்தான் தேர்ந்தெடுப்பேன், ஏனென்றால் உள்ளே என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். ஜப்பானிலிருந்து பிரித்து வரும் பழைய இன்ஜினைப் போடுவது இரண்டாவது. வேலை இரண்டு மூன்று நாளில் முடியும், அதனால் நாள்கூலிக்கு ஓடும் வண்டிக்கு இது கவர்ச்சியாகத் தெரியும். ஆனால் வண்டியில் ஏற்றும் முன்பே கையால் சுற்றிப் பார்த்து, வால்வு மூடியைத் திறந்து கரிச்சேறு இருக்கிறதா என்று பார்த்து, முடிந்தால் சம்ப்பையும் இறக்கி, கம்ப்ரஷன் அளவை எழுத்தில் வாங்குங்கள். இன்ஜெக்டர்களின் குறியீட்டு எண்களை வண்டியின் கணினியில் பதிய வேண்டும் என்பதைப் பல இடங்களில் மறந்துவிடுகிறார்கள். பிறகு புகை வருகிறது, இன்ஜினைக் குறை சொல்கிறார்கள்.

மூன்றாவது வழி, வண்டியையே விடுவது. சேஸியில் துரு ஓடியிருந்து, கியர்பாக்ஸும் முனகி, சான்றிதழும் 18 மாதத்துக்குள் முடியும் என்றால் இன்ஜினுக்குப் பணம் போடாதீர்கள் என்று நேராகவே சொல்லிவிடுவேன். சான்றிதழின் மிச்சக் காலத்துக்கு உரிய தொகை பதிவு நீக்கத்தின்போது திரும்பக் கிடைக்கும், அதையும் கணக்கில் எடுங்கள்.

இன்ஜினை மாற்றினால் அதன் எண்ணும் மாறுகிறது. பதிவில் இருக்கும் எண் வேறு, பிளாக்கில் கொத்தியிருக்கும் எண் வேறு என்று பரிசோதனையில் தெரிந்தால் சிக்கல் உரிமையாளருக்கு. அதனால் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் அனுமதியை முன்கூட்டியே பெறுங்கள், வாங்கிய ரசீதைப் பத்திரமாக வையுங்கள். அதே மாடல், அதே யூரோ வகை (புகைக் கட்டுப்பாட்டுத் தரம்) இன்ஜினையே தேடுங்கள். இங்கே புதிய டீசல் வண்டிகளுக்கு 2006 அக்டோபரிலிருந்து யூரோ 4, 2014 தொடக்கத்திலிருந்து யூரோ 5, 2018 தொடக்கத்திலிருந்து யூரோ 6 என்று விதி மாறியது, ஆகவே வண்டி பதிவான ஆண்டே உங்களுக்கு ஒரு துப்பு.

எந்த வழியில் போனாலும், வேலை முடிந்த பின் முதல் 1,000 கிலோமீட்டரில் ஆயிலை இறக்கி வடிகட்டியை வெட்டச் சொல்லுங்கள். வெட்டும்போது பக்கத்தில் நில்லுங்கள். காகிதத்தை நீங்களே வெயிலில் பிடித்துப் பார்த்துவிட்டு, அதன் பிறகு மிச்சப் பணத்தைக் கொடுங்கள்.